மோட்டார் சுடுகிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழிமுறை

கத்திரி வெயில் தொடங்கியதும் வியாசர்பாடி, கொடுங்கையூர், மணலி பக்கத்துத் தகரக் கொட்டகைப் பட்டறைகளில் லேத் மோட்டார் மேல் ஈரச் சாக்கு ஏறிவிடும். மாவு மில் மோட்டார் முன்னால் ஒரு டேபிள் ஃபேன் வந்து உட்காரும். சாக்கை முதலில் எடுத்துவிடுங்கள். மோட்டார் உடம்பில் காற்று ஓடும் பள்ளங்களை அது அடைக்கிறது, டெர்மினல் பெட்டிக்குள் ஈரத்தையும் இறக்குகிறது. டேபிள் ஃபேனால் கெடுதல் இல்லை. ஆனால் சூட்டுக்கான காரணம் அப்படியே இருக்கும், நீங்கள் தேடுவதை நிறுத்திவிடுவீர்கள்.

சாதாரண மோட்டார்களைச் சுற்றுக் காற்று 40 டிகிரி வரை என்ற கணக்கில் செய்கிறார்கள். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது, அதுவும் நிழலில் வைத்த கருவியில். தகரக் கூரைக்கடியில் மதியம் இரண்டு மணிக்கு என்ன இருக்கும் என்று பட்டறைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றுக் காற்று 45 ஆனால் மோட்டாரிடம் அதன் திறனில் சுமார் 95 சதவீதம்தான் கேட்கலாம். 50 ஆனால் சுமார் 90. நேம் பிளேட்டில் (மோட்டார் உடம்பில் விவரம் பொறித்த தகடு) 50 டிகிரி என்று போட்டிருந்தால் இந்தக் குறைப்பு வேண்டாம்.

சூட்டால் இரண்டு நஷ்டம் உண்டு. செம்பு சூடேறினால் அதன் தடை கூடும். காயில் 80 டிகிரியிலிருந்து 110 டிகிரிக்குப் போனால் செம்பில் வீணாகும் மின்சாரம் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது. 5 ஹெச்.பி. மோட்டாரில் இது 40 வாட் அளவுதான், பில்லில் பெரிதாகத் தெரியாது. இரண்டாவது நஷ்டமான ஆயுள்தான் பெரியது. வரம்புக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் காயில் கம்பியைக் காக்கும் இன்சுலேஷனின் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலின் அடிப்படைக் கணக்கு. எவ்வளவு சூடு தாங்கும் என்பதை வைத்து இன்சுலேஷனை எழுத்தால் பிரிக்கிறார்கள்: எஃப் கிளாஸின் வரம்பு 155 டிகிரி. அந்தச் சூட்டிலேயே தொடர்ந்து இருந்தால் ஏறத்தாழ 20,000 மணி நேரம் தாங்கும் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். இரவு பகலாக ஓடினால் இரண்டேகால் வருஷம். அதையே 135 டிகிரியில் வைத்திருந்தால் நான்கு மடங்கு. பி கிளாஸ் என்றால் வரம்பு 130, ஹெச் என்றால் 180.

கழற்றுவதற்கு முன் எடுக்க வேண்டிய அளவுகள்

ஸ்பேனரை எடுக்கும் முன் மோட்டார் லோடில் ஓடும்போதே நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். டாங் டெஸ்டரில் (வயரைக் கவ்வி கரண்ட் அளக்கும் மீட்டர்) மூன்று பேஸின் ஆம்ப்ஸ். மூன்று ஜோடி லைன்களுக்கு இடையிலான வோல்டேஜ். இதை மெயினில் எடுக்காமல், மோட்டாருக்குப் போகும் வயர் ஆரம்பிக்கும் ஸ்டார்ட்டர் டெர்மினலில் எடுக்க வேண்டும். உடம்புச் சூடு. ஓடத் தொடங்கி எத்தனை நிமிடத்தில் அந்தச் சூடு வந்தது. இரண்டு நிமிடத்தில் கொதித்தால் ஒரு வகைக் கோளாறு, இரண்டு மணி நேரத்தில் மெல்ல ஏறினால் முற்றிலும் வேறு வகை.

உடம்புச் சூட்டைக் கையால் கணிக்காதீர்கள். 60 டிகிரியிலேயே சில நொடிக்கு மேல் கை நிற்காது. எஃப் கிளாஸ் மோட்டாரின் உடம்பு முழு லோடில் 70, 80 டிகிரி காட்டுவது இயல்பு. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால், பளபளப்பான உலோகத்தில் அது குறைத்துக் காட்டும் என்பதை மறக்காமல், கருப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் அளவெடுங்கள்.

காயிலின் உண்மையான சூடு வேண்டுமானால் தடையை அளப்பதுதான் வழி. காலையில் மோட்டார் ஆறியிருக்கும்போது ஒரு காயிலின் ஓம்ஸ் எடுங்கள். ஓடி நிறுத்தி, மெயினை இறக்கி, 30 நொடிக்குள் மறுபடி எடுங்கள். சூடான அளவைக் குளிர்ந்த அளவால் வகுத்து, அதைக் குளிர்ந்த வெப்பநிலையோடு 235 சேர்த்த எண்ணால் பெருக்கி, கடைசியில் 235 கழிக்க வேண்டும். காலையில் 30 டிகிரியில் 4.0 ஓம்ஸ், ஓடியபின் 5.2 ஓம்ஸ் என்றால்: 1.3 பெருக்கல் 265, கழித்தல் 235. கிட்டத்தட்ட 110 டிகிரி. இது காயிலின் சராசரி. நடுவில் இன்னும் 10 டிகிரி கூடுதலாக இருக்கும். அலுமினியக் கம்பி என்றால் 235க்குப் பதில் 225. மீட்டர் வயரின் சொந்தத் தடையை இரண்டு அளவிலும் கழிக்காவிட்டால் இந்தக் கணக்கு பொய்யாகும்.

உடம்பு கொதிக்கிறது, ஆம்ப்ஸ் நேம் பிளேட்டுக்குள்தான் இருக்கிறது

மோட்டார் அளவாகத்தான் சூட்டை உண்டாக்குகிறது, அந்தச் சூடு வெளியேற வழியில்லை. பின்னால் போய் ஃபேன் கவரைப் பாருங்கள். எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து கவரின் ஓட்டைகளில் பசைபோல் படியும், மாவு மில்லில் மாவே அடைத்துக்கொள்ளும். கவரைக் கழற்றி, ஃபேன் இறக்கை உடைந்திருக்கிறதா, ஷாஃப்டில் வழுக்குகிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் ஃபேனின் நடுத்துளை தேய்ந்தால் ஷாஃப்ட் சுற்றும், ஃபேன் நிற்கும். கவர் மாட்டியிருக்கும்வரை இது கண்ணில் படாது.

உடம்புப் பள்ளங்களைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். தண்ணீர் அடிக்க வேண்டாம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அடித்த பெயின்ட் தடித்திருந்தால் சுரண்டி எடுத்துவிடுவது நல்லது. ஃபேன் கவருக்கும் சுவருக்கும் நடுவே குறைந்தது ஒரு சாண் இடைவெளி வேண்டும். மோட்டாரை மரப்பெட்டிக்குள் அடைத்து வைத்தால், தான் விட்ட சூட்டுக் காற்றையே அது திரும்ப இழுக்கும். பெட்டியின் கீழே ஒரு திறப்பும் எதிர்ப்பக்கம் மேலே ஒரு திறப்பும் விடுங்கள்.

மூன்று பேஸிலும் ஆம்ப்ஸ் சமமாக, ஆனால் கூடுதலாக

லோடு அதிகம், அல்லது வோல்டேஜ் குறைவு. பெல்ட்டைக் கழற்றி வெறுமனே ஓட்டிப் பாருங்கள். ஆம்ப்ஸ் நன்றாக இறங்கினால் மோட்டாரில் குற்றமில்லை. மெஷின் பக்கம் போங்கள். மாவு மில்லில் கல் இறுக்கம், காசிமேட்டு ஐஸ் உடைக்கும் மெஷினில் மழுங்கிய பற்கள், பம்பில் இம்பெல்லர் உரசல், லேத்தில் ஆழமான வெட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கமான காரணம் உண்டு. ஓனர் வேகத்தைக் கூட்ட மோட்டாரில் பெரிய புல்லி போட்டிருந்தாலும் இதே அறிகுறிதான்.

வோல்டேஜ் 10 சதவீதம் இறங்கினால் மோட்டாரின் இழுவை 81 சதவீதமாகக் குறையும். அதே வேலையைச் செய்ய ஆம்ப்ஸ் ஏறும், காயில் சுடும். மெயினில் 410, மோட்டாரில் 385 என்று இருந்தால் ஈபியைக் குறை சொல்ல வேண்டாம். இடையில் போட்ட வயர் மெலிசு, அல்லது எங்கோ ஒரு இணைப்பு தளர்ந்திருக்கிறது.

அடிக்கடி ஸ்டார்ட் செய்வதும் இந்தக் கணக்கில் வரும். கிளம்பும்போது ஆறு மடங்கு கரண்ட் ஓடுகிறது. செம்பில் சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் அந்தச் சில நொடிகளுக்கு 36 மடங்கு. ஆறியிருக்கும் மோட்டாரை அடுத்தடுத்து இரண்டு தடவை ஸ்டார்ட் செய்யலாம், சூடாக இருந்தால் ஒரு தடவை. ஐஸ் சிக்கி நின்ற மெஷினில் கட்டியை எடுக்காமல் பச்சை பட்டனை மறுபடி மறுபடி அழுத்துவதுதான் பல காயில்களை எரிக்கிறது.

ஒரு பேஸில் மட்டும் ஆம்ப்ஸ் வித்தியாசம்

அதிக மோட்டார்களைச் சத்தமில்லாமல் தின்பது இதுதான். ஒரே லைனில் ஒரு பேஸில் மட்டும் நிறைய வீடுகளும் ஏசிகளும் தொங்கும் தெருக்களில் சாயங்காலம் வோல்டேஜ் சாயும். மூன்று அளவுகள் 414, 402, 390 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 402, அதிலிருந்து அதிக விலகல் 12, ஆக 3 சதவீத ஏற்றத்தாழ்வு. இந்த 3-இன் வர்க்கத்தை இரட்டித்தால் 18. காயிலின் வெப்ப ஏற்றம் ஏறக்குறைய அத்தனை சதவீதம் கூடும்: 80 டிகிரி ஏறிக்கொண்டிருந்த மோட்டார் 94 டிகிரி ஏறும். பத்து டிகிரிக் கணக்குப்படி ஆயுள் பாதிக்கும் கீழே. 3 சதவீதம் வோல்டேஜில் சிறியதாகத் தெரிந்தாலும் ஆம்ப்ஸில் அதைப் போல ஆறிலிருந்து பத்து மடங்கு வித்தியாசம் காட்டும். ஏற்றத்தாழ்வு 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 5 சதவீதத்தைத் தாண்டினால் மோட்டாரை ஓட்டவே கூடாது.

குற்றம் லைனிலா மோட்டாரிலா என்று பிரிக்க எளிய வழி இருக்கிறது. மெயினை இறக்கி, பியூஸ் கேரியர்களைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று வயர்களையும் ஒரு இடம் நகர்த்தி மாட்டுங்கள்: முதலாவது இரண்டாவதின் இடத்துக்கு, இரண்டாவது மூன்றாவதற்கு, மூன்றாவது முதலாவதற்கு. மூன்றையும் நகர்த்துவதால் சுற்றும் திசை மாறாது. மறுபடி ஓட்டி ஆம்ப்ஸ் பாருங்கள். கூடுதல் ஆம்ப்ஸ் பழைய லைனிலேயே நின்றால் கோளாறு சப்ளையில் அல்லது ஸ்டார்ட்டரில். மோட்டார் வயரோடு சேர்ந்து நகர்ந்தால் காயிலில் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன, அல்லது மோட்டாருக்குள் ஒரு ஜாயின்ட் விட்டிருக்கிறது.

சப்ளை பக்கம் என்றால் பியூஸ் கேரியரின் பிடி, ஸ்டார்ட்டருக்குள் கரண்டை இணைத்துப் பிரிக்கும் கான்டாக்டர் பாயின்ட், வயர் முனையில் மாட்டும் லக் இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். கடற்கரையோரம் செம்பு லக்கில் பச்சை பூத்திருக்கும். பிளையரால் நசுக்கிய லக்கை வெட்டி எறிந்துவிட்டு முறையாக கிரிம்ப் செய்த புது லக் போடுங்கள். கான்டாக்டர் பாயின்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. வெள்ளிப் பூச்சு போய்விடும், சில வாரத்தில் இன்னும் மோசமாகும். செட்டாக மாற்றுவதுதான் சரி.

முனகுகிறது, சுற்றவில்லை, அல்லது ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று கனத்த சத்தத்தோடு கொதிக்கிறது

சிங்கிள் பேசிங். உடனே நிறுத்துங்கள். ஓடும் மோட்டாரில் ஒரு பேஸ் போனால் மீதி இரண்டு லைனில் கரண்ட் 1.73 மடங்கு, பெரும்பாலும் அதற்கும் மேல் ஏறும். கரண்ட் அளவு மீறினால் சப்ளையை வெட்டும் ஓவர்லோடு ரிலே சரியாக செட் ஆகியிருந்தால் காப்பாற்றும். எங்கே தவறு நடக்கிறது என்றால், ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் (காயில்களை ஸ்டார் முறையில் இணைத்துக் கிளப்பி, பிறகு டெல்டா முறைக்கு மாற்றுவது) ரிலே பெரும்பாலும் காயில் கரண்ட் ஓடும் பாதையில் இருக்கிறது. அங்கே நேம் பிளேட் ஆம்ப்ஸை 0.58ஆல் பெருக்கித்தான் வைக்க வேண்டும். 10 ஹெச்.பி. மோட்டார் 14.5 ஆம்ப்ஸ் என்றால் ரிலேயில் 8.4. அங்கேயே 14.5 வைத்திருந்தால் லைனில் 25 ஆம்ப்ஸ் ஓடும்வரை ரிலே அசையாது. ரிலே அடிக்கடி விழுகிறதே என்று திருகை ஏற்றி வைப்பது, தீயணைப்பு மணி அடிக்கிறதென்று மணியைக் கழற்றுவதற்குச் சமம். சிங்கிள் பேசிங் பிரிவென்டர் ஒன்று போட ஆகும் செலவு, ஒரு தடவை காயில் கட்டுவதைவிடக் குறைவு.

ஏற்கெனவே எரிந்துவிட்டதா? காயிலைப் பிய்த்து எறியும் முன் முகப்பைக் கவனமாகப் பாருங்கள், முடிந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டார் இணைப்பில் இரண்டு பேஸின் காயில்கள் கருகி ஒன்று புதிதாக இருந்தால், அல்லது டெல்டாவில் ஒரே பேஸ் கருகி மற்ற இரண்டும் நன்றாக இருந்தால், சிங்கிள் பேசிங். சுற்றிலும் ஒரே சீராகக் கருப்பு என்றால் ஓவர்லோடு, குறை வோல்டேஜ், ரோட்டார் (உள்ளே சுற்றும் பாகம்) சிக்கியது, காற்று அடைப்பு இவற்றில் ஒன்று. ஒரு ஸ்லாட்டில் மட்டும் பொட்டுப்போல் வெடித்திருந்தால் அங்கே இன்சுலேஷன் தோற்றிருக்கிறது. இந்தக் காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் புதுக் காயில் கட்டி மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும்.

காலையில் நன்றாக ஓடுகிறது, மதியம் மட்டும் டிரிப் ஆகிறது

ஆம்ப்ஸ் மதியமும் அதே அளவுதான் என்றால் ரிலேயைச் சந்தேகியுங்கள். தெர்மல் ரிலேயே சூட்டில் வேலை செய்யும் பொருள். மேற்கு வெயில் விழும் தகரச் சுவரில் பேனல் இருந்தால் ரிலே சீக்கிரம் விழும். பேனலை இடம் மாற்றுங்கள், அல்லது வெயிலை மறைக்க இடைவெளி விட்டு ஒரு தகடு அடியுங்கள். ரிலேயின் டெர்மினல் திருகு தளர்ந்திருந்தாலும் அந்தச் சூடு ரிலேக்குள்ளேயே போகும்.

பேரிங் பக்கம் மட்டும் சுடுகிறது

பேரிங் இருக்கும் மூடியில் வெளியே 80 டிகிரிக்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். கிரீஸ் இல்லாததைவிட கிரீஸ் அதிகமானதால் சுடும் பேரிங்குகளே நிறைய. காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை போதும். திணித்து நிரப்பினால் கிரீஸே கடையப்பட்டுச் சூடாகும். பழைய கிரீஸ் எந்த வகை என்று தெரியாவிட்டால் முழுக்கக் கழுவிவிட்டுப் போடுங்கள். லித்தியம் கிரீஸும் பாலியூரியா கிரீஸும் கலந்தால் உருகி வழிந்துவிடும். 70 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 15 டிகிரிக்கும் கிரீஸ் போடும் இடைவெளி பாதியாக வேண்டும்.

புல்லிப் பக்கத்து பேரிங் மட்டும் சுட்டால் பெல்ட் இறுக்கம். இரண்டு புல்லிகளுக்கும் நடுவே ஒரு மீட்டர் தூரம் இருந்தால், நடுவில் கட்டைவிரலால் அழுத்தும்போது 16 மில்லிமீட்டர் அளவு இறங்க வேண்டும்.

காயில் கட்டி வந்த பிறகு, லோடு இல்லாமலே சுடுகிறது

வெறும் ஓட்டத்தில் நாலு போல் மோட்டார் பொதுவாக நேம் பிளேட் ஆம்ப்ஸில் 30லிருந்து 50 சதவீதம் எடுக்கும், சிறிய மோட்டார்கள் இன்னும் கொஞ்சம் கூட. அதைத் தாண்டி முழு ஆம்ப்ஸ் அருகே போனால் மூன்று சந்தேகங்கள். ஸ்டாரில் ஓட வேண்டியதை டெல்டாவில் கட்டியிருக்கலாம். ஒவ்வொரு காயிலுக்கும் 1.73 மடங்கு வோல்டேஜ் போய்ச் சில நிமிடத்தில் கொதிக்கும். சுற்றுகளைக் குறைத்திருக்கலாம். மூன்றாவது, பழைய காயிலை எடுக்க கேஸ் பர்னரை நேரே ஸ்டேட்டரில் (காயில் உட்காரும், சுற்றாத இரும்புப் பாகம்) காட்டியிருக்கலாம். அதன் இரும்புத் தகடுகளுக்கு இடையிலிருக்கும் மெல்லிய பூச்சு எரிந்துவிட்டால் இரும்பே சூட்டை உண்டாக்கும், அதை எந்தக் காயிலாலும் சரிசெய்ய முடியாது. எரிப்பதானால் சூடு கட்டுப்படுத்தப்பட்ட அடுப்பில், 350 டிகிரியைத் தாண்டாமல்.

வெறும் ஓட்டத்தில் ஆம்ப்ஸ் சரி, லோடில் மட்டும் முன்பைவிடச் சுடுகிறதா? கம்பியின் கேஜ் ஒரு நம்பர் மெலிசாகப் போட்டிருக்கலாம், அல்லது வார்னிஷை வெயிலில் காயவைத்து முடித்திருக்கலாம். வார்னிஷ் காயிலுக்குள் காற்று இடைவெளியை அடைத்துச் சூட்டை இரும்புக்குக் கடத்துகிறது. அடுப்பில் வேகாத வார்னிஷ் அந்த வேலையைச் செய்யாது. கடையில் கொடுக்கும்போதே கேஜ், சுற்று எண்ணிக்கை, இணைப்பு மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

வீட்டு சம்ப் மோட்டார் 20 நிமிடத்தில் நின்று, தானாகவே மறுபடி ஓடுகிறது

உள்ளே இருக்கும் தெர்மல் கட்அவுட் வேலை செய்கிறது, அதை பைபாஸ் செய்யச் சொல்பவரை அனுப்பிவிடுங்கள். வோல்டேஜ் பாருங்கள்: 180 வோல்ட்டில் இழுவை 61 சதவீதம்தான். வோல்டேஜ் சரி என்றால் ரன் கெப்பாசிட்டர். மோட்டார் ஓடும்போது கெப்பாசிட்டர் வயரின் ஆம்ப்ஸையும் அதன் இரு முனைக்கு நடுவே வோல்டேஜையும் எடுங்கள் (இது 230ஐவிடக் கூடுதலாக இருக்கும், மீட்டரை முதலில் பெரிய ரேஞ்சில் வையுங்கள்). ஆம்ப்ஸை 3183ஆல் பெருக்கி வோல்ட்டால் வகுத்தால் மைக்ரோஃபாரட். 2.6 ஆம்ப்ஸ், 300 வோல்ட் என்றால் 27.6. மேலே 36 என்று போட்டிருந்தால் அது தேய்ந்துவிட்டது. பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மாற்றுங்கள். புதியது 440 வோல்ட் ரேட்டிங் இருக்கட்டும். மோட்டார் உடம்பிலேயே ஒட்டி வைத்தால் கெப்பாசிட்டரும் சூட்டில் சீக்கிரம் போகும், சுவரில் தள்ளி மாட்டுங்கள். கழற்றும் முன் அதை டிஸ்சார்ஜ் செய்ய மறக்க வேண்டாம்.

போர்வெல் சப்மெர்சிபிள் கோடையில் மட்டும் எரிகிறது

இந்த மோட்டாரைக் குளிர்விப்பது, அதன் உடம்பை உரசிக்கொண்டு மேலே போகும் தண்ணீர். மட்டம் இறங்கி மோட்டார் சேற்றில் புதைந்தால், அல்லது தண்ணீர் ஊற்று மோட்டாருக்கு மேலே இருந்து வந்தால், உடம்பைச் சுற்றி ஓட்டமே இல்லை. மீஞ்சூர் வரை கடல்நீர் புகுந்த நிலத்தடியில் உப்புப் படலமும் உடம்பில் போர்வைபோல் படியும். அடியிலிருந்து சில அடி மேலே தூக்கிக் கட்டுங்கள், ஊற்று மேலே இருந்தால் மோட்டாரைச் சுற்றி ஸ்லீவ் பைப் போடுங்கள், டிரை ரன் கட்அவுட் வையுங்கள். தண்ணீர் நிரப்பும் வகை என்றால் இறக்கும் முன் உள்ளே நல்ல தண்ணீர் நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வகையில் காயில் கம்பியின் பிவிசி உறை 70 டிகிரிக்கு மேல் தாங்காது.

டிரைவ் போட்டு வேகம் குறைத்ததும் சுடுகிறது

டிரைவ், மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி. வழக்கமான 50க்குப் பதில் 25 ஹெர்ட்ஸில் மோட்டாரின் ஃபேனும் பாதி வேகம்தான். பம்புக்கும் ப்ளோயருக்கும் பரவாயில்லை, லோடும் சேர்ந்து இறங்கும். வேகம் குறைந்தாலும் இழுவை குறையாத கன்வேயர், கிரஷருக்குத் தனி சப்ளையில் ஓடும் குளிர்விப்பு ஃபேன் வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய மோட்டார்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு எண்ணெயும் சேர்ந்து எண்ணூர், எர்ணாவூர் வீடுகளுக்குள் வந்ததை மறக்க முடியாது. அப்படி நனைந்ததை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. பிரித்து ரோட்டாரை வெளியே எடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கை டிகிரீசரால் எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பு உள்ளே தங்கினால் எவ்வளவு காயவைத்தாலும் அடுத்த ஈரக் காற்றில் மறுபடி கசியும். பேரிங்கைக் காப்பாற்ற முயலாமல் புதிது போடுங்கள். ஸ்டேட்டரை 80லிருந்து 90 டிகிரி அடுப்பில் காயவைத்து, இன்சுலேஷனின் தடையை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் மணிக்கு ஒரு தடவை அளவைக் குறியுங்கள். முதலில் இறங்கி, பிறகு ஏறி, ஒரே இடத்தில் நிற்கும்வரை காயவேண்டும். 40 டிகிரி கணக்கில் 5 மெகா ஓம் குறைந்தபட்சம். சூடான காயில் குறைத்துக் காட்டும், 10 டிகிரிக்குப் பாதி. ஆக 60 டிகிரியில் 2 மெகா ஓம் என்றால் 40 டிகிரியில் அது 8. தேறியதும் வார்னிஷ் ஒரு கோட் கொடுத்து வேகவைத்து, மாட்டி, அரைமணி நேரம் லோடு இல்லாமல் ஓட்டி மூன்று பேஸ் ஆம்ப்ஸ் எடுங்கள். அன்றிரவு நிறுத்தி வைத்து, மறுநாள் காலை ஸ்டார்ட் செய்வதற்கு முன் இன்னொரு தடவை மெக்கர் போடுங்கள். அளவு சரிந்திருந்தால் உப்பு இன்னும் உள்ளே இருக்கிறது, கழுவுவதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.